மண்டபமா, கோயிலா, ரிஜிஸ்டர் ஆபீஸா, சுயமரியாதைத் திருமணமா?

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மதுரையில் எங்கள் கல்யாணம் நடந்தது. பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உடனே புரியும், ஆடி மாதம், அதிலும் ஞாயிறு ராகுகாலம். ஐயர் இல்லை, அக்னி இல்லை. சுயமரியாதைத் திருமணம்தான் என்று முடிவெடுக்க எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய எட்டு மாதம் ஆனது. இப்போது தோழிகள் இரண்டு பேர், தங்களுக்கு எது ஒத்துவரும் என்று கேட்கிறார்கள். அவர்களிடம் போனில் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது முதல் வரியிலேயே தெரிந்திருக்கும்.

செலவைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. எந்த முறையில் கட்டினாலும் 300 பேருக்குப் பந்தி என்றால் 300 இலைதான், சமையல்காரர் அதே கூலிதான் கேட்பார். ஆடி என்பதால் மண்டபம் கிட்டத்தட்ட பாதி வாடகைக்குக் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் எல்லோருக்கும் பழக்கமான மண்டபக் கல்யாணம். அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. அதில் எனக்குப் பிடித்தவை நிறைய உண்டு. முந்தின நாள் நலங்கு, விடியற்காலையில் நாதஸ்வரம், தாய்மாமன் மாலை போடும்போது அவர் முகத்தில் வரும் பெருமை, கெட்டிமேளம் கொட்டியதும் மொத்த மண்டபமும் கை நிறைய அட்சதையோடு எழுந்து நிற்பது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது, யாரும் வெறுமனே வேடிக்கை பார்ப்பதில்லை. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அக்கா கல்யாணத்துக்கு நான்கு வருடம் முன்பே அப்பா இறந்துவிட்டார். அதனால் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தது பெரியப்பாவும் பெரியம்மாவும். மூன்று மாதம் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் ஏறி இறங்கியவள் அம்மா, சீட்டு எடுத்துப் பணம் புரட்டியவள் அம்மா. தாலி கட்டும் நேரத்தில் அவள் டைனிங் ஹால் கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, அவளாகவே போய்விட்டாள், அதுதான் இன்னும் வலித்தது. கல்யாண ஆல்பத்தைப் பிறகு எண்ணிப் பார்த்தேன். அத்தனை பக்கத்தில் அம்மா இரண்டே படத்தில்தான் இருக்கிறாள், ஒன்றில் காபித் தட்டோடு.

என் கல்யாணப் பேச்சு வந்தபோது எனக்கு இந்த ஒரு கேள்விதான் முன்னால் நின்றது. மேடையில் அம்மா எங்கே நிற்பாள்? மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். ஒவ்வொரு முறையையும் நான் அளந்து பார்த்தது இந்த அளவுகோலால்.

கோயில் கல்யாணம் எளிமையானது, பக்தி உள்ளவர்களுக்கு நிறைவானதும்கூட. முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் திருப்பரங்குன்றம்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே ஒரு தோழியின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்த நாள், எங்களுக்கு முன்னால் ஏழு ஜோடி. எங்கள் முறை வந்ததும் கால் மணி நேரத்தில் முடிந்தது, அடுத்த வீட்டார் பின்னால் தட்டோடு நின்றார்கள். கோயிலில் எல்லோரும் பக்கத்தில் நிற்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அங்கேயும் "சுமங்கலி யாராவது முன்னால வந்து தட்டை வாங்கிக்கோங்க" என்று ஒரு குரல் வந்தது. என் பக்கத்தில் நின்ற தோழியின் அத்தை இரண்டு அடி பின்னால் போனார்.

ரிஜிஸ்டர் மேரேஜ் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது, இதைப் பிரித்துப் புரிந்துகொள்வது முக்கியம். 1954ஆம் வருட சிறப்புத் திருமணச் சட்டத்தில் அலுவலகத்திலேயே கல்யாணம் நடக்கிறது. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், அன்றைக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். வேறு வேறு மதம், இரண்டு பேரும் மதம் மாற விரும்பவில்லை என்றால் இதுதான் பொதுவான வழி, யோசிக்கவே வேண்டாம். அதே சமயம் அந்த 30 நாளும் இருவரின் விவரமும் அலுவலகப் பலகையில் தொங்கும். வீட்டு எதிர்ப்பில் கல்யாணம் செய்கிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, இந்து திருமணச் சட்டத்தின்படி நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்வது. அது கல்யாணத்துக்கு அத்தாட்சி மட்டும்தான், கல்யாணம் ஆகாது. சடங்கு எதுவும் செய்யாமல் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்தால் அது திருமணமே இல்லை என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "முதல்ல பேப்பர்ல பதிஞ்சுடலாம், கல்யாணத்தை மெதுவா வெச்சுக்கலாம்" என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

ஓதுவார் வந்து பதிகம் பாடித் தமிழில் நடத்தும் கல்யாணத்தையும் யோசித்தோம். நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், கேட்க அவ்வளவு இனிமையாக இருந்தது. ஒன்றை வைத்து மொத்தத்தையும் சொல்ல முடியாது. ஆனால் நான் பார்த்ததில் பாட்டு தமிழுக்கு மாறியிருந்தது, மணையில் யார் உட்காரலாம் என்பது மாறவில்லை.

சரி, எங்கள் முறைக்கு வருகிறேன். 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதன் பிறகு எத்தனையோ பேர் அப்படி மணந்துகொண்டார்கள், ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் கணவன் மனைவி இல்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றமே செல்லாது என்றது. அண்ணா முதலமைச்சரான 1967இல்தான் சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறியது, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு வந்தது. அதற்கு முன்னால் நடந்தவையும் செல்லும் என்று அதிலேயே எழுதினார்கள்.

அந்தப் பிரிவை ஒரு முறை படித்துப் பாருங்கள், சின்னதுதான். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். புரோகிதர் தேவையில்லை. அக்னி முன்னால் ஏழடி நடக்கவில்லை என்பதால் செல்லாமல் போகாது என்று 2001இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஊரறிய அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை என்று 2023இல் இன்னொரு தீர்ப்பு. ஆனால் இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும், பிரிவும் தமிழ்நாட்டுத் திருத்தம். பெங்களூரில் மண்டபம் பார்க்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

யார் எடுத்துக் கொடுக்க வேண்டும், யார் தள்ளி நிற்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்படியும் அன்றைக்கு அம்மா மேடை ஏறவில்லை. "நான் கீழயே உக்காந்துக்கிறேன்டி, பாக்குறவங்க ஏதாவது சொல்லுவாங்க" என்று முதல் வரிசை நாற்காலியில் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அத்தை மேடையிலிருந்து இறங்கி வந்து, "சம்பந்தி, நீங்க வரலைன்னா நானும் இங்கயே உக்காந்துக்கிறேன்" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நிமிடம் போல இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். தாலி வேண்டும் என்பது அப்பத்தாவின் ஆசை, அதனால் வைத்துக்கொண்டோம். அதைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது அம்மா. அவள் விரல் நடுங்கியதில் மஞ்சள் கயிறு தட்டில் இருந்த ரோஜா இதழோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இதழைத் தட்டிவிட்டுத்தான் கொடுத்தாள்.

உறுதிமொழியை நாங்களே எழுதினோம், இருவருக்கும் ஒரே வாசகம். நான்கு முறை அடித்துத் திருத்தினோம். "உன் அம்மாவுக்கு முடியாமல் போனால் நம் வீட்டில் வைத்துப் பார்ப்போம், என் அம்மாவுக்கும் அப்படியே" என்ற வரியில்தான் அதிக நேரம் பேசினோம், ஏனென்றால் மைக்கில் சொன்ன பிறகு 300 சாட்சி. கல்யாணத்துக்கு முன்னால் எல்லா ஜோடியும் பேச வேண்டிய விஷயம் அது, எங்களைப் பேச வைத்தது இந்த முறை.

குறையும் உண்டு. வாழ்த்துரை என்று மைக்கைக் கொடுத்தால் சிலர் விட மாட்டார்கள், எங்கள் கல்யாணத்தில் ஒருவர் 25 நிமிடம் பேசினார், குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்துவிட்டன. பேசுகிறவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம், நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாய்மாமாவுக்குத் தன் சீருக்கு இடமில்லையே என்று வருத்தம். வரவேற்புரையை அவரிடம் கொடுத்தோம், மாலையையும் அவரே எடுத்துத் தந்தார், ஆனாலும் முழுசாகச் சமாதானம் ஆனார் என்று சொல்ல மாட்டேன். சடங்கு தானாக நடத்திக் கொண்டுபோகும் வசதி இதில் இல்லை, அடுத்து என்ன என்று நாம்தான் நிமிடக் கணக்கில் யோசித்து வைக்க வேண்டும்.

பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். புரோகிதரோ கோயில் ரசீதோ இல்லாத கல்யாணம் இது, பின்னாளில் யாராவது கேட்டால் கையில் காட்டுவதற்கு அந்தச் சான்றிதழ்தான். தமிழ்நாட்டில் 2009ஆம் வருடச் சட்டப்படி எந்த முறையில் நடந்த கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அழைப்பிதழ், போட்டோ, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு நாங்கள் பதினோராவது நாள் சார்பதிவாளர் அலுவலகம் போனோம். சாட்சிக் கையெழுத்துப் போட அம்மாவையும் அத்தையையும் கூட்டிப் போயிருந்தோம், அம்மாதான் முதலில் பேனாவை வாங்கினாள்.