ஷார்ஜாவில் மகன், கொழிஞ்சாம்பாறையில் தோப்பு: 60 நாள் விசாவா, ஐந்து வருட விசாவா?

எங்கள் ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி, ஆஸ்பத்திரிக்குக் கோயம்புத்தூர் என்று இருக்கிற எல்லைப் பகுதி. மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். 2023 ஜனவரியிலிருந்து நானும் மனைவியும் அங்கே போய் வந்துகொண்டிருக்கிறோம். மூன்று தடவை 60 நாள் விசிட் விசா எடுத்தோம். 2024-இல் ஐந்து வருட மல்டிபிள் என்ட்ரி (பல தடவை போய் வரக்கூடிய) விசாவுக்கு மாறினோம். பிள்ளைகளிடம் நீண்ட நாள் தங்கப் போகிற எங்கள் வயதுக்காரர்கள் இது பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்கள். நான் ஐந்து வருட விசாவின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

60 நாள் விசாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாங்கள் எடுத்தபோது கேட்டது பாஸ்போர்ட் நகல், போட்டோ, பணம். டிராவல்ஸ்காரர் மீதியைப் பார்த்துக்கொண்டார். சில நாளில் போனுக்கு வந்துவிட்டது. 30 நாள் தங்கவும் கிடைக்கும், 60 நாள் தங்கவும் கிடைக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு இது போதும். பாஷை தெரியாத இடம், குளிர்பதன அறைக்குள்ளேயே கழியும் பகல், பேச ஆள் இல்லாத பக்கத்து வீடு. இதெல்லாம் ஒத்துவருமா என்று தெரியாமல் ஐந்து வருடத்துக்கு எடுப்பதில் அர்த்தம் இல்லை. எங்கள் முதல் பயணம் அப்படித்தான் நல்லபடியாக முடிந்தது.

இரண்டாவது பயணம் 2023 நவம்பரில். மருமகளுக்கு டிசம்பரில் பிரசவம். அவள் அம்மா வர முடியாத நிலை, அதனால் என் மனைவிதான் கூட இருக்க வேண்டும். நாங்கள் போய் இருபத்து மூன்றாம் நாள் காலையில் ஊரிலிருந்து போன் வந்தது. என் அம்மா போய்விட்டார். எண்பத்தாறு வயது. மூத்த மகன் நான், கொள்ளி வைக்க வேண்டியவன். கிடைத்த விமானத்தில் இரண்டு பேரும் கிளம்பினோம். கோயம்புத்தூரில் இறங்கி, சாவடி வழியாக வேலந்தாவளம் தாண்டி வீடு வந்து சேர்ந்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மனைவியை மட்டுமாவது திருப்பி அனுப்பலாம் என்று டிராவல்ஸ் பையனிடம் பேசினேன்.

"மாமா, எக்ஸிட் அடிச்சுட்டா அந்த விசா தீர்ந்துச்சு. சிங்கிள் என்ட்ரிதானே எடுத்தோம்" என்றான்.

இன்னும் முப்பத்தேழு நாள் பாக்கி இருந்த விசா அது. ஊருக்கு வந்ததால் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. புதிதாகப் பணம் கட்டி, புதிதாக விண்ணப்பம் போட்டு, டிக்கெட் பார்த்து மனைவி ஷார்ஜா போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மருமகள் ஆஸ்பத்திரியில் தனியாக இருந்திருக்கிறாள், மகன் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்திருக்கிறான். அதை நினைத்தால் மனைவிக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

இரண்டு விசாவையும் ஒப்பிடும் எல்லோரும் எத்தனை நாள் தங்கலாம் என்றுதான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு, நடுவில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பப் போக முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. நகரத்தில் ஃபிளாட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. எங்களுக்குத் தோப்பு இருக்கிறது. 45 நாளுக்கு ஒருமுறை தேங்காய் வெட்டு. ஒரு வெட்டை ஆளிடம் விடலாம், இரண்டாவதற்கு நேரில் நிற்க வேண்டும். மாடு இருக்கிறது, கோர்ட்டில் வரப்புத் தகராறு இருக்கிறது, வயதானவர்கள் இருக்கிறார்கள், அண்ணன் பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறது. 60 நாள் விசாவில் இருந்தால், ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு போனுக்கும், போவதா, விசாவை இழப்பதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அம்மாவின் சாவுக்கு நாங்கள் யோசிக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய பயணத்தில், ஒன்றுவிட்ட தம்பியின் வீட்டுச் சாவுக்கு யோசித்துவிட்டு வராமல் இருந்தோம். அது இப்போதும் உறுத்துகிறது.

60 நாளிலும் மல்டிபிள் என்ட்ரி எடுக்கலாமே என்று கேட்கலாம். எடுக்கலாம். அந்த 60 நாளுக்குள் வந்து போகலாம், அவ்வளவுதான். அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஊருக்கு வராமல் ஓமன் பக்கம் எக்ஸிட் அடித்துவிட்டுப் புது விசாவில் உள்ளே வருகிறவர்களும் உண்டு. அறுபதைத் தாண்டியவர்களை, அதுவும் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களை, எல்லைக்கு பஸ்ஸில் ஏற்றி இறக்குவதை நான் சொல்ல மாட்டேன்.

நாள் தாண்டினால் அபராதம். 2022 அக்டோபரிலிருந்து ஒரு நாளைக்கு 50 திர்ஹம், நம் காசுக்கு ஆயிரத்துக்கும் மேல். ஒரு நபருக்கு. முன்பு இருந்த பத்து நாள் சலுகையும் இப்போது இல்லை. டிராவல்ஸ் எடுத்துக் கொடுக்கும் விசாவில் பொறுப்பாளி அவர்கள்தான். நாம் தாண்டினால் அவர்களுக்கு அடி விழும். அதனால் ஆள் தலைமறைவு என்று புகார் போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகார் விழுந்தால் பிறகு நுழைவதே சிரமம். இறங்கிய நாளையும் ஒரு நாளாக எண்ணிக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

இனி ஐந்து வருட விசா. அமீரக அரசு இதை 2020 ஜனவரியில் அறிவித்தது. கோவிட் வந்ததால் நடைமுறைக்கு வர அடுத்த வருடம் ஆயிற்று. இதற்கு அங்கே பொறுப்பாளி யாரும் வேண்டாம். நம் பெயரில் நாமே விண்ணப்பிக்கலாம், மகன் உட்கார்ந்து ஆன்லைனில் போட்டான். ஒரு தடவை போனால் 90 நாள் இருக்கலாம். நீட்டிப்பு வாங்கலாம், ஆனால் ஒரு வருடத்தில் மொத்தம் 180 நாளைத் தாண்டக்கூடாது. நாங்கள் ஒரே மூச்சில் 90 நாள் இருந்ததில்லை, நீட்டிப்புக்குப் போட்டதும் இல்லை. அதன் அலைச்சல் எப்படி என்று கேட்டால் என் அனுபவம் உதவாது.

நிறையப் பேர் தடுக்கி விழுவது வங்கிக் கணக்கில். கடந்த ஆறு மாதத்தில் 4,000 டாலர் அளவுக்கு இருப்பு காட்ட வேண்டும். ஏறக்குறைய மூன்றரை லட்சம். எங்கள் பக்கத்து விவசாயிக்கு அந்தப் பணம் இல்லை என்பதல்ல, அது வங்கியில் இருக்காது. சிட்டியில், அதாவது சீட்டுப் பணமாக, இருக்கும், நகையில் இருக்கும், பக்கத்துத் தோட்டக்காரரிடம் கைமாற்றாக இருக்கும். விண்ணப்பிக்க முடிவு செய்த பிறகு மொத்தமாகக் கொண்டுபோய்க் கட்டினால் ஸ்டேட்மென்ட்டில் அது பளிச்சென்று தெரியும். நான் முதிர்ந்த சிட்டிப் பணத்தை அப்படியே கணக்கில் விட்டு, ஆறு மாதம் தொடாமல் இருந்தேன். மனைவிக்கும் தனிக் கணக்கில் அதேபோல் காட்டினோம். அடுத்த வருடம் போக நினைத்தால் இந்த வருடமே வங்கிக்குப் போக வேண்டும். கூடவே மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். எல்லாம் இருந்தும் எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று உறுதி சொல்ல மாட்டேன். எங்களுக்குக் கிடைத்தது.

செலவு? ஒரே ஒரு பயணத்துக்குக் கணக்குப் போட்டால் 60 நாள் விசா லேசாகத் தெரியும். வருடம் இரண்டு தடவை, ஐந்து வருடம் என்று போட்டுப் பாருங்கள்.

எந்த விசாவானாலும் இரண்டு விஷயத்தில் கவனம். ஒன்று, பாஸ்போர்ட்டில் பெயர். நம் தமிழ் வீடுகளில் அப்பா பெயர் இனிஷியலோடு நின்றுவிடும், குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று விமான நிறுவனங்களுக்கு உத்தரவு வந்தது. மனைவியின் பாஸ்போர்ட் அப்படித்தான் இருந்தது. என் பெயரைச் சேர்த்து மறுபதிப்பு வாங்கிய பிறகுதான் விண்ணப்பித்தோம். இன்னொன்று, மாத்திரை. மூன்று மாத மருந்தை டாக்டர் சீட்டோடு, அதன் அட்டையிலேயே கொண்டுபோங்கள். டிராமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு. இங்கே சாதாரணமாகக் கிடைக்கிறது என்று பையில் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது வழி, பெற்றோருக்கு ரெசிடன்ஸ் விசா. மகன் விசாரித்தபோது மாதம் 20,000 திர்ஹம் சம்பளம் கேட்டார்கள். அவனுக்கு அவ்வளவு இல்லை, அதனால் பேச்சு அங்கேயே நின்றது. நிரந்தரமாக அங்கேயே இருக்கப் போகிறவர்களுக்கு, அதிலும் தொடர் வைத்தியம் வேண்டியவர்களுக்கு, அதுதான் சரியான வழி என்று எனக்குப் படுகிறது. எமிரேட்ஸ் ஐடி என்கிற அந்த நாட்டு அடையாள அட்டை கிடைக்கும், காப்பீடு ஒழுங்காக இருக்கும். ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தொடர்ந்து ஆறு மாதம் வெளியே இருந்துவிட்டால் அது செல்லாமல் போகும். தோப்பை விட முடியாதவனுக்கு அதுவும் ஒரு கட்டுதான்.

வேலை தேடிப் போகும் பையன்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. விசிட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம். தகுதி உள்ளவர்களுக்கு வேலை தேடுவதற்கென்றே தனி விசா இருக்கிறது, அதைப் பாருங்கள்.

இப்போது எங்கள் வருடம் இப்படிப் போகிறது. வெயில் தணிந்த அக்டோபரில் ஷார்ஜா. ஒன்றரை மாதம் கழித்து ஒரு தேங்காய் வெட்டுக்கு ஊர். பிறகு மார்ச் வரை மறுபடி அங்கே. நோட்டில் தேதி எழுதிக் கூட்டினால் 180-க்குள் வந்துவிடுகிறது. 2024-இல் அம்மாவின் முதல் திதிக்கு இரண்டு பேரும் வந்தோம். திதி கொடுத்து, சொந்தக்காரர்களுக்குச் சோறு போட்டு, தோப்பில் காய் வெட்டி எண்ணி அனுப்பினோம். வந்து பத்தாம் நாள் கோயம்புத்தூரில் மறுபடி விமானம் ஏறினோம். ஷார்ஜா கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், போகச் சொன்னார். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.