பொதுவாக்கெடுப்புக்கு மறுநாள் என்ன? குன்னூர் ஞாயிறு வகுப்பு ஒரு மதிப்பீடு

குன்னூர் பெட்போர்டு பகுதியில் குரூப் 1 தேர்வுக்காரர்களுக்கு நடக்கும் இந்த வகுப்பில், தனிநாட்டு வாக்கெடுப்புப் பாடத்துக்காகவே சேரலாம். வாக்கு எண்ணிக்கையோடு முடிக்காமல் அதற்கு மறுநாளிலிருந்து தொடங்குகிறார்கள்: நாணயம், கடன் பங்கீடு, எல்லை, குடியுரிமை, ஐ.நா. உறுப்பினர் இடம்.

தெற்கு சூடான் பகுதிதான் பாடத்தின் உயிர். 2011 ஜனவரி வாக்கெடுப்பில் சூடானிலிருந்து பிரிய 98.83 சதவீத ஆதரவு. ஜூலை 9இல் விடுதலை, 14இல் ஐ.நா.வின் 193ஆவது உறுப்பினர். ஆனால் எண்ணெய்க் கிணறுகளில் பெரும்பகுதி தெற்கில். ஏற்றுமதிக் குழாயும் துறைமுகமும் வடக்கில். குழாய்க் கட்டணத் தகராறு முற்றி, 2012 ஜனவரியில் தெற்கு தன் உற்பத்தியையே நிறுத்தியது. பாகப்பிரிவினையை எழுதி முடிக்காமல் தனிக்குடித்தனம் போனால் அடுப்பு எப்படி அணைகிறது என்பது அப்படியே புரிகிறது. மாண்டினீக்ரோ தனிநாடாகத் தேவைப்பட்ட 55 சதவீத ஆதரவு வரம்பும் (2006இல் கிடைத்தது 55.5) பாடத்தில் உண்டு.

பெரிய குறை ஒன்று. 2017இல் தனிநாட்டு வாக்கெடுப்பு நடத்திய ஸ்பெயினின் கட்டலோனியாவையும் ஈராக்கின் குர்திஸ்தானையும் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். முன்னதில் அரசியல் சாசனத்தின் 155ஆவது பிரிவைக் கொண்டு மாட்ரிட் நேரடி ஆட்சி நடத்தியது. பின்னதில் பாக்தாத் சர்வதேச விமானங்களைத் தடுத்து, படை அனுப்பிக் கிர்குக் நகரை எடுத்துக்கொண்டது. இரண்டையும் கலந்து எழுதினால் விடை கெடும்.

அச்சுக் குறிப்பின் தாள் மெல்லியது. மலைப் பனிக்கு ஈரம் ஏறி ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள்.