முதல் கோடாலி: குட்டையா, நடுத்தரமா, நீளமா?

எங்கள் வட்டத்தில் கோடை பிறந்தாலே கனடாவில் ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காக் காட்டில் கூடாரம் அடிக்கும் பேச்சுக் கிளம்பிவிடும். போன மாதம் மருமகன் கேட்டான்: “மாமா, முதல் கோடாலி எது வாங்கலாம்?”

மூன்றை எடுத்து மேசையில் வைத்தேன். பின்லாந்து ஃபிஸ்கார்ஸின் எக்ஸ்7. சுவீடனில் கிரான்ஸ்ஃபோர்ஸ் புரூக் பட்டறை அடிக்கும் ‘ஸ்மால் ஃபாரஸ்ட் ஆக்ஸ்’. அமெரிக்காவின் கவுன்சில் டூல் செய்யும் ‘பாய்ஸ் ஆக்ஸ்’. பெயர்தான் பையன்களுக்கு, வேலை பெரியவர்களுக்கு.

அவன் கை நேரே எக்ஸ்7-க்குப் போனது. சுமார் 36 சென்டிமீட்டர் நீளம், முக்கால் கிலோகூட இல்லாத எடை, முதுகுப்பையில் அடங்கிவிடும். சின்னதென்றால் ஆபத்தும் குறைவு என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. கணக்குத் தப்பு. நீளக் காம்புக் கோடாலி குறி தவறினால் பெரும்பாலும் மண்ணில் போய் இறங்கும். குட்டைக் கோடாலி தவறினால் வீச்சு உள்வாங்கி முழங்காலிலோ கணைக்காலிலோ முடியும். அதனால் எக்ஸ்7-ஐ வைத்து நின்றபடி விறகு கொத்தக் கூடாது. முழங்காலிட்டு, அடிக்கட்டையை முன்னால் போட்டுத்தான் கொத்த வேண்டும். ஒரு கையால் விறகைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓங்குவதும் வேண்டாம். கோடாலி வாயை விறகின் மேல் வாகாகச் சாய்த்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கிக் கட்டையில் போட்டால் பிளந்துவிடும். சுள்ளி செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

காம்பு விஷயத்திலும் எக்ஸ்7 சோம்பேறிக்கு உகந்தது. இழை கலந்த பிளாஸ்டிக்கைத் தலையைச் சுற்றி வார்த்திருக்கிறார்கள், ஆடாது, கழலாது. உடைந்தால் மட்டும் வேறு காம்பு போட வழியில்லை. மற்ற இரண்டுக்கும் ஹிக்கரி மரக் காம்பு. மரம் காய்ந்து சுருங்கினால் தலை ஆடும். தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்கும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். ஆப்பைத் தட்டி இறுக்கி, ஆளிவிதை எண்ணெய் பூசி வருவதே சரி.

கிரான்ஸ்ஃபோர்ஸைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. காம்பு சுமார் 50 சென்டிமீட்டர், தலை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தலையில் அதை அடித்த கொல்லரின் பெயரெழுத்துகள் பொறித்திருக்கும். வாய் மெல்லியது, வரும்போதே நல்ல கூர். கிளை கழிக்கலாம், கழுத்தருகே பிடித்து அகப்பைகூடச் செதுக்கலாம். ஆனால் கணு விழுந்த தடித்த மேப்பிள் கட்டையில் அந்த மெல்லிய வாய் சிக்கிக்கொண்டு நிற்கும். விலையோ எக்ஸ்7-ஐப் போல நாலு மடங்குக்கும் மேல்.

பாய்ஸ் ஆக்ஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு கிலோ தலை, 71 சென்டிமீட்டர் நீளம், இரு கைக்கும் வேலை. காரில் போய் இறங்கி, வாங்கிய விறகைப் பிளப்பவருக்கு நன்று. படகையும் சாமானையும் தோளில் சுமந்து ஏரிக்கு ஏரி மாறுபவருக்குச் சுமை. பூங்காவில் உயிருள்ள மரத்தை வெட்டத் தடை இருப்பதால் அதன் முழு வீச்சுக்கும் அங்கே வேலை இல்லை.

அவனுக்கு நான் சொன்னது எக்ஸ்7-ஐயும், 19 சென்டிமீட்டர் அலகுள்ள பாக்கோ லாப்லாண்டர் மடக்கு வாளையும். குறுக்கே அறுக்க வாள், நெடுக்கே பிளக்கக் கோடாலி. முதல் கோடாலி எப்படியும் கல்லில் படும். தீட்டப் பழகுவதும் அதில்தான். படுகிற அடி மலிவானதில் படட்டும். கிரான்ஸ்ஃபோர்ஸை இரவல் கேட்டான். கொடுக்கவில்லை.

நேற்று வந்திருந்தான். எக்ஸ்7-இன் வாயில் இரண்டு பல் விழுந்திருக்கிறது. “அரம் எங்க மாமா?” என்றான்.