மாம்பழ சீசனில் சிஸ்டம் படுத்தால்: ஆபீஸ் சர்வரா, கிளவுடா?

கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலையில் ஜூன் மாதம் ஒரு மணி நேரம் சிஸ்டம் நின்றால் முதல் அடி எடைமேடைக்குத்தான். எடைச்சீட்டு இல்லாமல் பெங்களூரா ரக மாம்பழம் ஏற்றி வந்த வண்டி உள்ளே நகராது. இன்வாய்சும் இ-வே பில்லும் இல்லாமல் கூழ் ஏற்றிய லாரி கேட்டைத் தாண்டாது. லாரிக்கு ஹால்டிங் என்னும் காத்திருப்புக் கட்டணம் ஏறும், பழம் கனிந்துகொண்டே போகும். ஜனவரியில் இதே ஒரு மணி நேரம் ஒரு டீயோடு போய்விடும்.

ஆபீஸிலேயே வைக்கும் சர்வரின் முக்கிய பலம்: நெட் போனாலும் எடைமேடை ஓடும். அதற்கு எமன் கரண்ட். 1 கேவிஏ யூபிஎஸ்ஸில் இரண்டு 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி புதிதாக இருந்தால் ஒரு சர்வரைக் கால் மணி நேரம் போலத் தாங்கும். ஜெனரேட்டர் எடுக்க அது போதும். ஆனால் வெயிலில் வெந்த பேட்டரி இரண்டாம் வருடமே கைவிடும். அதைவிட வேடிக்கை, சர்வர் யூபிஎஸ்ஸில் இருக்கும், கம்ப்யூட்டர்களை அதோடு இணைக்கும் எட்டு போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் சுவர் பிளக்கில் இருக்கும். கரண்ட் போனதும் சர்வர் உயிரோடு இருந்தும் எல்லா மேசையும் செத்துப்போகும்.

டிஸ்க் போனால்? ஒரே தகவலை இரண்டு டிஸ்கிலும் எழுதும் ரெய்டு 1 முறை ஒரு டிஸ்க் போவதைத்தான் தாங்கும். தவறி அழித்த ஃபைலை இரண்டு டிஸ்கிலும் பத்திரமாக அழித்துவிடும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தாலும் அதே கதிதான். சர்வருக்குள் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பழுதாகி, உதிரி கையில் இல்லையென்றால் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரிலிருந்து வர வேண்டும்.

நெட் வழியே வேறு கம்பெனியின் சர்வரில் வேலை செய்யும் கிளவுடில் இந்தத் தலைவலி இல்லை, நெட் லைன்தான் தலைவலி. சாலை வேலைக்கு ஜேசிபி இறங்கினால் ஃபைபர் போகும். இரண்டு கம்பெனி லைன் வாங்கினாலும் இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே லைன் கணக்குதான். இரண்டாவது லைனுக்கு 4ஜி சிம் ரவுட்டரே நல்லது. கிளவுட் கம்பெனி 99.9 சதவீத நேரம் ஓடும் என்று உத்தரவாதம் தந்தாலும் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்க இடமுண்டு; அது மீறினால் கட்டணத்தில் கொஞ்சம் கழிப்பார்கள், அழுகிய பழத்துக்குக் காசு வராது. மீட்பு நேரத்தையும் பாருங்கள்: 500 ஜிபி பேக்கப்பை 100 எம்பிபிஎஸ் லைனில் இறக்க 11 மணி நேரம், பக்கத்தில் இருக்கும் டிஸ்கிலிருந்து நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள்.

கெட்ட அப்டேட் வந்தால் இரண்டுமே ஒன்றுதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. மேசையில் உள்ளது பூட் ஆகாவிட்டால் கிளவுட் இருந்து என்ன பயன்? சீசனில் அப்டேட்டை முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் போடுங்கள்.

ஆலைக்கு என்றால் எடைமேடையும் கேட் பாஸும் உள்ளூரில், கணக்கும் இன்வாய்சும் கிளவுடில். கல் குவாரி, ஏற்றுமதி ஆபீஸ்களுக்கு முழுக்க கிளவுடே போதும். எதுவானாலும் ஏப்ரலில் ஒரு நாள் மெயின் சுவிட்சை இறக்கி, எது எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் சர்வரில் எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிடுங்கள்.