லூப்பிங்குக்கு எந்தக் கால் கன்ட்ரோலர்: எஃப்சிபி1010-ஆ, பேசரா?

கிடாரும் குரலுமாகத் தனியாக மேடையேறி லூப் செய்பவருக்கு, அதாவது வாசித்ததை அங்கேயே பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன் மேல் வாசிப்பவருக்கு, இரண்டு கையும் வாத்தியத்திலேயே போய்விடும். மடிக்கணினியில் இருக்கும் ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளின் லூப்பரைக் காலால்தான் இயக்கியாக வேண்டும். அதற்கு மிடி (இசைக் கருவிகளும் கணினியும் கட்டளை பரிமாறும் முறை) கன்ட்ரோலர் தேடியபோது கடைசியில் நின்றவை இரண்டு: பெஹ்ரிங்கர் எஃப்சிபி1010, நெக்டார் பேசர். இரண்டையும் மிதித்துப் பார்த்துவிட்டுப் பேசரை வாங்கினேன்.

எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நமக்கு வேண்டியபடி அமைத்துக்கொள்ள இரண்டிலும் 10 சுவிட்சுகள் உண்டு. பிரீசெட், அதாவது சேமித்துவைக்கும் சுவிட்ச் அமைப்பு, எஃப்சிபியில் 100, பேசரில் 24. கச்சேரி முழுக்க ஒன்றிரண்டு பிரீசெட்டிலேயே ஓட்டிவிடுவோம். எஃப்சிபிக்கு வேண்டிய ஐந்து முனை மிடி கேபிள் மெதுவாக இருக்குமோ என்ற பயமும் தேவையில்லை. சுவிட்சை மிதித்தால் போகும் கன்ட்ரோல் சேஞ்ச் என்ற மிடி செய்தி ஒன்று போய்ச்சேர சுமார் 1 மில்லி விநாடிதான் ஆகும். எஃப்சிபியில் யூஎஸ்பி கிடையாது என்பதால் கணினியோடு இணைக்க மிடி உள்ள இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்று இடையில் வேண்டும். பேசர் யூஎஸ்பியிலேயே மின்சாரமும் எடுத்துக்கொள்ளும்.

எனக்கு முடிவைச் சொன்னது வேறு: காலை எடுக்கும்போது கன்ட்ரோலர் என்ன அனுப்புகிறது?

லைவின் லூப்பரில் பல வேலை செய்யும் ஒற்றைப் பொத்தான் ஒன்று இருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் பதிவு, அடுத்து ஓவர்டப் (ஓடும் லூப்பின் மேலேயே இன்னொரு பதிவு) அல்லது பிளே. சட்டென்று இருமுறை தட்டினால் நிற்கும். ஓடும்போது 2 விநாடி அழுத்திப் பிடித்தால் அன்டூ (கடைசியாகப் பதிந்தது மட்டும் நீங்கும்), நின்றிருக்கும்போது பிடித்தால் லூப்பே அழியும். இத்தனையும் நடக்க, மிதித்ததும் விட்டதும் தனித்தனிச் செய்தியாக வர வேண்டும். பேசரில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் கால் வைக்க ஒரு மதிப்பு, எடுக்க ஒரு மதிப்பு கொடுக்கலாம். 127, 0 என்று வைத்தால் வேலை முடிந்தது. எஃப்சிபியில் கம்பெனியே போட்டுத் தரும் சிப், கன்ட்ரோல் சேஞ்சை மிதிக்கும்போது மட்டுமே அனுப்பும். யூனோ என்ற மாற்றுச் சிப்பைப் போட்டால் இது சரியாகும், ஆனால் பெட்டியைத் திறந்து சிப்பைக் கழற்றி மாற்ற வேண்டும்.

குறுமிதி, நெடுமிதி என்று கன்ட்ரோலரே பிரிக்கட்டுமே என்று தோன்றலாம். லூப்பிங்கில் அது ஆகாது. எது குறுமிதி என்று தெரியவே நீங்கள் காலை எடுக்கும்வரை அது காத்திருக்கும். எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில் நிமிடத்துக்கு 90 அட்சர வேகத்தில் இரண்டு ஆவர்த்தனம் பதிந்தால் 10.67 விநாடி. முதல் லூப்பை முடிக்கும் மிதி 0.1 விநாடி தாமதமானால், டெம்போவை அந்த லூப்பே நிர்ணயிக்கும்படி வைத்திருக்கும்போது, வேகம் 89.2 அளவுக்கு இறங்கிவிடும். சமத்துக்கு, அதாவது தாளத்தின் தொடக்கத்துக்கு, வரும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொய்வு காதில் விழும். அதற்கு மேல் எத்தனை லேயர் போட்டாலும் அது போகாது. அதனால் அழுத்திய கணமே செய்தி போக வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தோம் என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும்.

எஃப்சிபி தெளிவாக ஜெயிக்கும் இடமும் உண்டு. இரண்டு எக்ஸ்பிரஷன் பெடல்கள் (காலால் சாய்த்து ஒரு அளவைக் கூட்டிக் குறைப்பவை) அதோடு சேர்ந்தே வருகின்றன. பேசரில் இணைப்புத் துளைதான். பெடலுக்குத் தனிச் செலவு. லூப்பின் வால்யூமைக் காலால் ஏற்றி இறக்கி வாசிப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. உழைப்பு என்று பார்த்தால், எஃப்சிபி 20 ஆண்டுகளுக்கும் மேலாக மேடைகளில் மிதிபட்டு நிற்கிறது. பேசர் என்னிடம் இதுவரை தொந்தரவு தரவில்லை, ஆனால் வெளியூர் ஏற்றி இறக்கிய அனுபவம் எனக்குக் குறைவு. அதன் சின்னத் திரையில் ஒவ்வொரு சுவிட்சாக அமைப்பது பொறுமையைச் சோதிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எதை வாங்கினாலும் பதிவுச் சுவிட்சைக் கால் தானாகப் போய் விழும் ஓரத்தில் வையுங்கள், அழிக்கும் சுவிட்ச் தனியாக இருந்தால் அதை எதிர் ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஏற்கெனவே எஃப்சிபி வைத்திருப்பவர் அதை விற்க வேண்டாம். யூனோ சிப் போட்டாலே போதும். புதிதாக வாங்குபவருக்குத்தான் என் ஓட்டு பேசருக்கு.