நோஏடைம் போடலாம், நோபேரியர் வேண்டாம்

கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு ஸ்டுடியோவின் ஸ்டோரேஜ் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தென்னை மட்டை லைனில் விழுந்தால் கரண்ட் போய்விடும். அதனால் இங்கே வேகத்தை மட்டும் பார்த்து மவுண்ட் ஆப்ஷன் (லினக்ஸில் டிஸ்க்கை இணைக்கும்போது கொடுக்கும் அமைப்பு) போட முடியாது.

முதலில் ரெல்ஏடைமா, நோஏடைமா? கோப்பைப் படித்தாலே அந்த நேரத்தை டிஸ்க்கில் குறித்துவைப்பது பழைய யுனிக்ஸ் வழக்கம். 2009இல் வந்த லினக்ஸ் 2.6.30 முதல் ரெல்ஏடைம்தான் இயல்பு. கோப்பைத் திருத்தியபின் முதல்முறை படித்தாலோ, பழைய குறிப்பு 24 மணி நேரத்தைத் தாண்டியிருந்தாலோ மட்டுமே எழுதும். நோஏடைம் அதையும் நிறுத்திவிடும். வீடியோ கிடங்கில் யார் எப்போது படித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை, நோஏடைமே போடுங்கள். பெரிய வித்தியாசம் தெரியாது, கெடுதலும் இல்லை. அடைவுகளுக்கு மட்டும் இதையே செய்யும் நோடைர்ஏடைம் தனியாக வேண்டாம், அது இதிலேயே அடக்கம்.

பேரியர் விஷயம் அப்படியில்லை. டிஸ்க் 'எழுதியாச்சு' என்று சொல்லும்போது தரவு பெரும்பாலும் அதன் கேஷில்தான் (கரண்ட் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகம்) இருக்கும். கோப்பு முறைமை தன் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலில் ஒரு பதிவு முடியும் இடத்தில் அந்தக் கேஷை நிஜமாகவே டிஸ்க்கில் இறக்கவைப்பது பேரியர். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் நோபேரியர் போட்டு இதை நிறுத்தினால் சின்னச் சின்ன எழுத்துகள் வேகமாகும். யூபிஎஸ் இருக்கிறதே என்று நானும் போட்டேன். ஒரு ஆடி மாதம் யூபிஎஸ் பேட்டரியே கைவிட்டது. கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே முடிந்ததும், மீட்டவை போய்ச் சேரும் லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவில் பெயரே இல்லாமல், #131074 என்பது போல வெறும் எண்களாகக் கோப்புகள். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். ஸ்டுடியோக்காரர் பக்கத்திலேயே நின்று, "முகூர்த்தம் கிடைச்சுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விடியற்காலையில்தான் கிடைத்தது.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும், பேட்டரி உள்ள ரெய்டு கார்டு இருந்தால் நோபேரியர் போடலாம் என்பார்கள். அந்தக் கார்டில் பேரியரால் ஆகும் தாமதமே சொற்பம், பிறகு எதற்கு? எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் இந்த ஆப்ஷனையே லினக்ஸ் 4.19இல் எடுத்துவிட்டார்கள்.

காலியான இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்ல, டிஸ்கார்ட் ஆப்ஷனைவிட வாரம் ஒருமுறை எஃப்எஸ்ட்ரிம் கட்டளை ஓட்டுவது எனக்குப் பிடிக்கும். டிஸ்கார்ட் போட்டால் அழிக்கும்போதே டிஸ்க்குக்குக் கூடுதல் வேலை.

பேக்கப் டிஸ்க்குக்கு, அது இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்னும் நோஃபெயில் போட்டிருக்கிறேன். இல்லாவிட்டால், டிஸ்க் செருகாத நாளில் சர்வர் பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். ஆனால் மவுண்ட் ஆகாத வெற்று அடைவில் பேக்கப் போய் விழுந்து ரூட் டிஸ்க் நிரம்பலாம். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சோதித்துவிடுகிறேன்.