டயாலிசிஸ் திரவம்: 37 டிகிரியா, 36 டிகிரியா?

மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் வெயிலும் கருவாடும் சேர்ந்து தாகத்தைக் கூட்டும். இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் எடை மூன்று, நான்கு கிலோ ஏறும். அவ்வளவு நீரையும் நான்கு மணி நேரத்தில் இழுக்கும்போதுதான் பிரஷர் சரிகிறது.

ரத்தத்தைச் சுத்தம் செய்ய இயந்திரத்தில் ஓடும் டயாலிசிஸ் திரவம் 37 டிகிரியில் இருந்தால் உடல் சூடு மெல்ல ஏறும். சூட்டை வெளியேற்றத் தோலின் ரத்தக்குழாய்கள் விரியும், பிரஷர் இறங்கும். மூன்றாம் மணி நேரத்தில் தலைசுற்றல், கொட்டாவி, வாந்தி. ஆனால் குளிராது.

35.5 முதல் 36 வரை வைத்தால் உடல் சூட்டைக் காக்கப் பார்க்கும். ரத்தக்குழாய்களைச் சுருக்கும் நார்அட்ரீனலின் என்ற ஹார்மோன் கூடும், குழாய்கள் சுருங்கும், பிரஷர் நிற்கும். நடுக்கம்தான் தொல்லை, ஏசி அறையில் போர்வை கட்டாயம். 2022-இல் வெளியான பெரிய கனடிய ஆய்வில் குளிர்த்திரவம் மாரடைப்பையோ மரணத்தையோ குறைக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

அடிக்கடி பிரஷர் இறங்குபவருக்கு எங்கள் தேர்வு குளிர்த்திரவமே. தொடங்குமுன் காய்ச்சல் இருக்கிறதா பார்த்து, உடல் வெப்பத்தைவிட அரை டிகிரி குறைவாக வையுங்கள். 35-க்குக் கீழே வேண்டாம். மாற்றுவது டாக்டர் சொன்ன பிறகே. மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் நீர் இழுத்தால் எந்தக் குளிரும் கைகொடுக்காது. கருவாட்டை விடுங்கள்.